கூடத்துச் சுவருக்கு ஒரு ஊர்

முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னபோது எனக்குக் கோடவுன் நினைப்புதான் வந்தது. அந்த மாதம் யார் கூப்பிட்டாலும் அப்படித்தான் இருந்தது. கோடவுனில் நாலாயிரம் ஆட்டுத்தோல் அடுக்கிக் கிடந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கைப் பற்றி எனக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

அது எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் கலர் மாஸ்டர். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்து, சாயத்தொட்டியைப் பார்த்தே வளர்ந்தவன். ஒரு துண்டுத் தோலைக் காட்டி இதே நிறம் வேண்டும் என்றால், நாலாயிரம் தோலையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. இருபத்தாறு வயதில் அந்த வேலை தெரிந்தவனுக்குக் கால் தரையில் படாது. எனக்கும் படவில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஆர்டர் இயற்கைத் தோலுக்கு. சாயம் தோலுக்குள் ஊறியிருக்க வேண்டும், மேலே பூச்சு எதுவும் கூடாது. ஆடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அதன் தோலில் எழுதியிருக்கும். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, அம்மை வடு. அவை இல்லாத தோலாகப் பொறுக்கி அனுப்ப வேண்டும். அந்த வருஷம் அவ்வளவு சுத்தமான தோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வடு இருக்கிற இடத்தில் மட்டும் விரலால் பிக்மெண்ட் என்கிற நிறப்பூச்சைத் தொட்டு வைத்து, சுற்றியிருக்கும் நிறத்தோடு கரைத்துவிடு என்று மேனேஜர் சொன்னார். அதற்கு மேல் கெட்டியான பூச்சு அடித்தால் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் லேசாகத்தான் ஸ்பிரே செய்தோம். கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தோடு தேய்த்தால் வந்துவிடும்.

"மாட்டிக்கினா எனக்கு ஒண்ணும் தெரியாது. கலர் மாஸ்டர் நீதான்" என்றார் மேனேஜர். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர், அந்த ஒரு விஷயத்தில். நானும் தலையாட்டினேன். முதலாளிக்கு இது எதுவும் தெரியாது.

அதனால்தான் பயந்தபடியே போனேன். ஆனால் முதலாளி பேசியது தோலைப் பற்றி இல்லை. பைபாஸ் ரோட்டுப் பக்கம் அவர் புதிதாகக் கட்டி முடித்திருந்த வீட்டின் சுவரைப் பற்றி.

முந்தின வருஷம் அவர் ஜெர்மனிக்குப் போய், எங்களிடம் தோல் வாங்குகிற பையர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தார். இடையில் ஏஜெண்ட் இல்லாமல் நேரடியாகப் பேசி வாங்கிவந்த முதல் ஆர்டர் இது. அந்த வீட்டில் சுவருக்குச் சுவர் ஊர்ப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அவர் மனதில் நின்றுவிட்டது. பாலம், கடைத்தெரு, பனி விழுந்த கூரைகள், துறைமுகம். இப்போது அந்தப் பையர் தோலைப் பார்க்க ஆம்பூர் வருகிறார். மதியச் சாப்பாடு புது வீட்டில். தன் கூடமும் அப்படி இருக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

"நீ கலர் பாக்கறவன். செவுத்துக்கு, சோபாவுக்கு, திரைக்கு ஒத்து வர்ற மாதிரி ஊரா பாத்து எடுத்துட்டு வா. ஒண்ணு மட்டும் அவரோட சொந்த ஊரா இருக்கணும். அதைப் பெருசா, அவரு உக்கார்ற எடத்துக்கு எதிர்ல மாட்டணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஊரைச் சட்டம் போட்டு மாட்டுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. எங்கள் வீடுகளில் சாமி படமும் செத்துப்போனவர்கள் படமும் இருக்கும். முதலாளி மாதிரியானவர்கள் வீட்டில் மக்கா படமோ, அழகாக எழுதிய குர்ஆன் வாசகமோ இருக்கும். மற்றபடி சாயக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர். இருக்கிற ஊரே போதாதா, செவுத்துல வேற மாட்டணுமா என்று என் அம்மா கேட்டாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் கலர் தெரிந்தவன் என்று சொல்லிக் கூப்பிட்டார் இல்லையா, அது எனக்குப் போதும்.

திரைத்துணியில் ஒரு துண்டு, சோபாத் துணியில் ஒரு துண்டு, சுவருக்கு அடித்த வெளிர்பச்சையைத் தடவிய ஒரு அட்டை, மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் போனேன். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுக் காலண்டர்களும் அச்சுப் படங்களும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். எந்த தேசம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். நான் துணித்துண்டுகளை எடுத்துப் படங்களின் மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும், தையற்கடை அந்தப் பக்கம் இருக்கிறது என்று வழி காட்டினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புக் கூரை ஊர்களைத் தள்ளினேன். அஸ்தமனங்களை எல்லாம் தள்ளினேன், அந்த ஆரஞ்சு நிறம் எங்கள் பச்சைச் சுவரில் ரத்தக் கட்டு மாதிரி தெரியும். மத்தியானம் வரை தேடி ஏழு படம் எடுத்தேன். ஏழாவதுதான் பையரின் ஊர். கீழே அச்சிட்டிருந்த பெயரை முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றடி அகலம். நடுவில் மணிக்கூண்டு, முன்னால் கல் பாவிய பெரிய மைதானம், சுற்றிலும் உயரமான பழைய வீடுகள். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம் திரைத்துணியோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு அங்கேயே விசில் அடிக்கலாம் போல இருந்தது.

நான் செய்த தப்பைக் கவனியுங்கள். அந்த மைதானத்தில் அன்று சந்தை. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். தொப்பிக்காரர்கள், குடை பிடித்த பெண்கள், ஒரு குதிரை வண்டி, ஒரு நாய். நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

முதலாளியின் அம்மாவுடைய கண்ணில் பட்டார்கள்.

அந்த வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு சொல்வது அந்த அம்மாதான். மெலிந்த உடம்பு, சன்னமான குரல். வேதம் ஓதும்போது எழுத்தைப் பெரிதாகப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். கூடத்தில் பாய் விரித்து ஏழு படங்களையும் பரப்பினேன். அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் படம் ஆற்றங்கரை. எனக்குத் தெரிந்து அதில் ஒரு ஈ காக்கை இல்லை.

"இங்க ஒருத்தரு மீன் புடிக்கிறாரு, பேட்டா" என்றார், மகனே என்று உருதில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

காரணத்தை அவரே சொன்னார். அவர் ஐந்து வேளையும் தொழுவது அந்தக் கூடத்தில்தான். உயிர் உள்ளதின் உருவம் இருக்கிற இடத்தில் நமாஸ் செய்ய அவருக்கு மனம் வராது. மற்றவர்கள் வீட்டில் எப்படியோ இருக்கட்டும், அவருக்குக் கூடாது. தொழும்போது முகம் பார்க்கிற மேற்குச் சுவரில் எதையுமே மாட்டக் கூடாது. மற்றச் சுவர்களில் ஊர் இருக்கட்டும், ஆள் வேண்டாம்.

தோல் பரிசோதிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. ஜன்னலில் ஒரு கை, படகில் ஒரு தலை, கூரை மேல் ஒரு புறா என்று நாலு படங்களைத் தள்ளிவிட்டார். பனி விழுந்த கூரைகளும் மூடுபனியில் ஒரு பாலமும் தேறின. பையரின் ஊருக்குப் பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு முதலாளியிடம் உருதில் ஏதோ சொன்னார்.

"கெடைக்கலன்னா வுடு. செவுரு சும்மா இருக்கட்டும்" என்றார் முதலாளி.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். மேனேஜர்தான் விடவில்லை. டேனரிக்குத் திரும்பியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சொந்த ஊரைச் சுவரில் பார்த்தால் கிழவன் மனசு குளிர்ந்துபோவான், மறுநாள் காலையில் தோலைப் பார்க்கும்போது இரண்டு தோல்கட்டைப் பிரித்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடுவான், அந்தப் படம் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றார். பிடிபட்டால் தெருவில் நிற்கப்போகிறவன் நான். எனக்கும் அது சரியாகப் பட்டது. அதைவிட, என் கையால் முடியாதது எது என்கிற கொழுப்பும் இருந்தது. முள் கீறலை மறைக்கிறவனுக்குக் குடைக்காரியை மறைக்கத் தெரியாதா?

ஷிப்டு முடிந்த பிறகு மூன்று சாயங்காலம் கலர் ரூமில் உட்கார்ந்தேன். தோலுக்குக் கலக்குகிற அதே பிக்மெண்ட், அதே பசை, மெல்லிய தூரிகை. முதலில் நாய் போனது. அப்புறம் குதிரை வண்டி. ஆளை அழிப்பது கஷ்டமில்லை. ஆள் போன பிறகு கல்தரையில் அவன் நிழல் மட்டும் கிடக்கிறது, அதுதான் கஷ்டம். ஒவ்வொரு நிழலையும் கல் கல்லாகப் பார்த்து அழித்தேன். மூன்றாம் நாள் மைதானத்தில் கூடாரக் கடைகள் மட்டும் நின்றன. பழம் அடுக்கியிருந்தது, விற்கிறவர் இல்லை. ஒரு ஊரையே காலி செய்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

நிறம் தேய்ந்து வராமல் இருக்க மேலே லேக்கர் பூச்சு அடிக்கலாம் என்று வேறொரு படத்தின் ஓரத்தில் அடித்துப் பார்த்தேன். காகிதம் சுருங்கி மஞ்சளடித்தது. விட்டுவிட்டேன். வேலூர் லாங் பஜாரில் சட்டம் போட்டு வாங்கி வருகையில் பஸ்ஸில் கண்ணாடி விரிசல் விட்டது. அந்த அளவில் வேறு கண்ணாடி வர ஒரு மாசம் ஆகும் என்றார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் கையால் வரைந்த படம் மாதிரி இன்னும் நன்றாகத்தான் இருக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

படத்தைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் முன் வைத்தேன். இது வேற அச்சுப் படம்மா, ஆள் இல்லாதது, தேடிப் புடிச்சேன் என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். இடது மூலையில் ஆரம்பித்து வரி வரியாகப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார். மணிக்கூண்டுக்குக் கீழே கண்ணாடி நின்றது. அங்கேதான் ஒரு தாயும் குழந்தையும் இருந்தார்கள். நின்ற கண்ணாடி மறுபடி நகர்ந்தது.

"எவ்ளோ நிம்மதியான ஊரு" என்றார் கடைசியில். "எல்லாரும் எங்க போய்ட்டாங்க?"

"விடிகாலைல எடுத்ததும்மா. எல்லாரும் தூங்கறாங்க" என்றேன்.

அதை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை. தானாக வந்தது.

வடக்குச் சுவரில் படம் ஏறியது. அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. மத்தியானத் தொழுகை முடிந்ததும் பாயைச் சுருட்டாமல் அப்படியே திரும்பி உட்கார்ந்து அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முதலாளி சந்தோஷமாகச் சொன்னார். எங்க அம்மாவுக்கு எதுவும் அவ்ளோ சீக்கிரம் புடிக்காது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே செருப்புக்குள் கல் போனது மாதிரி ஒரு உறுத்தலும் இருந்தது. உதறிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் பையர் வந்தார். அறுபது தாண்டிய உயரமான மனிதர், தலை முழுக்க வெள்ளை, வாழ்நாள் முழுக்கத் தோலோடு இருந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் வரச் சொல்லி மேனேஜர் உத்தரவு. அதற்குக் காரணம் இருந்தது. நேராகப் பார்த்தால் படத்தில் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால், அச்சு மினுங்குகிற இடத்தில் என் பிக்மெண்ட் மட்டும் மங்கலாகத் திட்டுத் திட்டாக நிற்கும். மதியத்துக்கு மேல் மேற்கு ஜன்னல் வெயில் வடக்குச் சுவரை ஒட்டித்தான் வரும். ஜன்னல் திரை மூடியே இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விருந்துக்கு வந்தவன் மாதிரி இல்லாமல் காவல்காரன் மாதிரி ஜன்னல் பக்கத்திலேயே நின்றேன்.

சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. சோபாவில் உட்கார்ந்த பையர் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். தன் ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். இத்தோடு முடிந்தது, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பையர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். சனிக்கிழமைச் சந்தை அது, அந்தக் கூடாரங்கள் சனிக்கிழமை மட்டும்தான் போடுவார்கள் என்று ஆங்கிலத்தில் முதலாளியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஆள் இல்லாத அந்தக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, திரையை இழுத்துவிட்டார். வெயில் சுவரில் படிந்தது. அவர் தலையைச் சாய்த்து, தோலைப் பார்க்கிற அதே சாய்வில் படத்தைப் பார்த்தார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம், கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தோலில் தேய்ப்பது. அவர் விரல் வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னால் என்ன செய்ய முடியும்?

விரல் மணிக்கூண்டுக்குக் கீழே போய் இரண்டு தடவை தேய்த்தது. ஒரு பெண்ணின் தொப்பி வந்தது. அப்புறம் தோள். அவள் கையைப் பிடித்திருந்த இன்னொரு சின்னக் கை.

உள்வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு நின்றது. அந்த அம்மா அங்கேதான் இருந்தார்.

பையர் சிரித்தார். அபாரமான வேலை, யார் செய்தது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். சும்மா இரு என்று அர்த்தம். அந்த மனிதர் அபாரம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அந்த வார்த்தை என்னை முன்னால் தள்ளியது.

"நான்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை விடவில்லை. திருப்பி நகக்கண்ணைப் பார்த்தார். தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த நிறத்தைப் பார்த்தார். அதை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார். தோல்காரனுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளைக்குக் காலையில் தோலை நீங்களே எனக்கு எடுத்துக் காட்டுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கையை விட்டார். அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. யாரிடம் என் கைவேலையை மறைக்க வேண்டுமோ, அவர் கண்ணெதிரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பையரைக் காரில் ஏற்றிக்கொண்டு முதலாளியும் கூடவே வேலூர் லாட்ஜுக்குப் போனார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். படத்துக்கு எதிரில் நின்றிருந்தார். பூதக்கண்ணாடி கையில் இல்லை.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். அறுபது எழுபது பேர் என்றேன். என்றைக்கு மாட்டியது என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா? என் வாயால் வரவேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். அவர் திட்டுவார், நானும் ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் உயரவே இல்லை.

"நான் ஆள் இல்லாத ஊர் கேட்டேன். நீ ஆளை மறைச்சிட்டுக் கொடுத்திருக்கே. இல்லன்னு சொல்லியிருந்தா செவுரு செவுராவே இருந்திருக்கும், பேட்டா" என்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மா மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு படத்துக்கு இவ்வளவா என்று சைக்கிளை மிதித்துக்கொண்டே வீடு வரை முனகினேன். நாளைக்கு என் பிழைப்பே போகப் போகிறது, இவருக்குத் தொப்பிக்காரி பெரிதாகிவிட்டாள் என்று முனகினேன்.

காலையில் டேனரி வாசலிலேயே மேனேஜர் நின்றிருந்தார். அவர் விடியும்போதே வந்து கட்டுகளை மாற்றி அடுக்க வைத்திருந்தார். மேலே இருப்பதெல்லாம் சுத்தமான தோல், மேலேயே எடுத்துக் காட்டு, கீழே கை வைக்காதே என்றார்.

கோடவுனில் வடக்கு ஜன்னல் ஓரம் மேஜை போட்டிருந்தது. பையரும் முதலாளியும் வந்தார்கள். முதலாளியின் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது, என் மேல் சந்தேகம் இல்லை. நேற்றுப் படத்தால் ஏற்பட்ட சங்கடத்துக்கு இன்று தோல் ஈடு செய்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். பையர் தோலைத் தொடவே இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீங்களே ஒன்றை எடுங்கள் என்று என்னிடம் சொன்னார். ஒன்றே ஒன்று, நீங்கள் எதை எடுக்கிறீர்களோ அதை மட்டும் பார்க்கிறேன் என்றார்.

மேலே இருந்த கட்டின் மேல் கை வைத்தேன். அந்தத் தோலை நீட்டினால் போதும். அது எத்தனை தடவை தேய்த்தாலும் நிற்கும். முதலாளிக்கு நிம்மதி, மேனேஜருக்கு நிம்மதி, எனக்கு வேலை. தலையை நிமிர்த்தியபோது முதலாளி என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார், எடு எடு என்கிற மாதிரி. அவர் அம்மாவின் ஜாடை அவருக்கு. பூதக்கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு என்னை நம்பின முகம் அது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியவில்லை. இதை நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பயமும் களைப்பும் சேர்ந்து ஒரு கட்டத்தில் இனி என்னால் ஆகாது என்று தோன்றுமே, அதுதான்.

மேலிருந்த கட்டுகளை விலக்கி, கீழிருந்து மூன்றாவது கட்டை இழுத்து, அதிலிருந்து ஒரு தோலை மேஜையில் போட்டேன். எங்கே தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தேன். முள் கிழித்த கோடு வெள்ளையாக, விரல் நீளத்துக்கு எழுந்து வந்தது.

"மொதலாளி, மூணுல ஒரு பங்கு இப்டித்தான் இருக்குது. பண்ணது நான்" என்றேன்.

தனக்கு எதுவுமே தெரியாது என்றார் மேனேஜர். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பையர் அந்தக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு சட்டைக் கையை மடித்தார். மத்தியானம் தாண்டியும் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் நின்று நாலாயிரம் தோலையும் பிரித்தோம். தொட்டது இந்தப் பக்கம், தொடாதது அந்தப் பக்கம். சுத்தமானதை அவர் எடுத்துக்கொண்டார். மீதியை மறைக்காமல் கழுவி, வடுவோடே அனுப்பினால் வேறு விலையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆர்டர் போகவில்லை. நானும் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டபோது, அந்த மாதத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் போனேன்.

உட்காரச் சொன்னார். வழக்கமாகச் சொல்ல மாட்டார். மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார்.

"தோல் விஷயத்துக்காக உன்னை அனுப்பமாட்டேன். நீயே சொல்லிட்டே. உன்னை யாரு பண்ணச் சொன்னாங்கன்னும் எனக்குத் தெரியும்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை.

"எங்கம்மா கண்ணாடி வெச்சிப் பாத்துட்டு உன்னைக் கேட்டாங்க. தூங்கறாங்கன்னு சொன்னே. நேத்தி சாயங்காலத்துலேர்ந்து ஒவ்வொரு வேளையும் உள்ள ரூம்ல, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல ஒடுங்கி நமாஸ் பண்ணாங்க. இன்னிக்கும் அப்டித்தான். புள்ளைய அனுப்பாதேன்னு அவங்கதான் சொல்றாங்க. நான்தான் கேக்கல." அவர் பேனாவை மறுபடி எடுத்து மூடி வைத்தார். "தோலு தப்பாப் போனா பிரிச்சி எடுத்துடலாம். இன்னிக்கு எடுத்தோமே. பன்னெண்டு நாள் நமாசை எப்டிப்பா பிரிச்சி எடுக்கறது?"

கலர் ரூம் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். நான்கு வருஷம் வேலை பார்த்த இடம். உண்மையைச் சொன்னவனுக்கு இதுதானா என்று அன்று பொருமினேன், அடுத்த மாதம் ராணிப்பேட்டையில் வேறு டேனரியில் சேர்ந்த பிறகும் பொருமினேன். அவர் சொன்னது அநியாயம் என்று யாரிடமாவது எடுத்துச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு வந்து நின்றுவிடுவேன். பதில் மட்டும் கிடைத்திருந்தால், எந்த வயதிலும் திரும்பிப் போய் அவர் முன்னால் நின்று சொல்லியிருப்பேன்.